இளக வேண்டிய இடமும் இறுக வேண்டிய இடமும்

1,500 கிலோ எடையுள்ள ஒரு கார் காய்ந்த சாலையில், நல்ல டயர்களோடு, முழு பிரேக் பிடிக்கிறது. வேகம் ஏறத்தாழ 1 ஜி வீதத்தில் குறைகிறது. எடை முன்பக்கம் சாய்வதால் பிரேக்கின் வேலையில் சுமார் 70 விழுக்காடு முன்சக்கரங்களின் மேல் விழுகிறது. கணக்குப் போட்டால், ஒவ்வொரு முன்சக்கரத்தையும் சாலை பின்னோக்கித் தள்ளும் விசை 5,000 நியூட்டனுக்குச் சற்று அதிகம். அரை டன் எடைக்குச் சமம். இந்த விசை பிறக்கும் இடம் தரை. சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ் மூட்டு தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்திலும், ஸ்ட்ரட்டின் மேல்முனை 80 செ.மீ. உயரத்திலும் இருப்பதாக வைத்துக்கொண்டால், நெம்புகோல் விதிப்படி கீழ் மூட்டின் பங்கு 7,000 நியூட்டனை நெருங்குகிறது. அந்த மூட்டிலிருந்து லோயர் ஆர்ம் வழியாக விசை காரின் உடலுக்குப் போகும் பாதையில், உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் புஷ் உட்கார்ந்திருக்கிறது.

அந்தப் புஷ் அமுங்கும். அமுங்கினால் என்ன ஆகும்? சக்கரத்தின் திசையை நிர்ணயிக்கும் இரண்டு மூட்டுகளுக்கு நடுவே 30 செ.மீ. இடைவெளி இருந்து, அவற்றில் ஒன்று 1 மி.மீ. மட்டும் நகர்ந்தால், சக்கரம் 0.19 டிகிரி திரும்பிவிடும். வீல் அலைன்மென்ட் செய்யும்போது மெக்கானிக் அரைமணி நேரம் செலவழித்துத் திருத்தும் 'டோ' (சக்கரத்தின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும்) கோணமே பெரும்பாலும் அந்த அளவுதான். நிற்கும் காரில் கவனமாக வைத்த கோணம், ஓடும் காரில் ஒவ்வொரு பிரேக்கிலும் ஒவ்வொரு வளைவிலும் மாறிக்கொண்டிருக்கிறது.

வேகமாக ஓட்டுவதில் ஆசை உள்ளவர்களுக்கு இதைப் படித்ததும் தோன்றுவது ஒன்றுதான்: எல்லா ரப்பரையும் பிடுங்கி எறிந்துவிட்டு, கெட்டியான எதையாவது போட்டுவிடலாம். பந்தயக் கார்களில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அலுவலகத்துக்கும் மளிகைக் கடைக்கும் மழையிலும் புழுதியிலும் போய்வரும் காரில் அதே வேலையைச் செய்தால், பல சமயம் பிடியும் கூடாது, மூட்டுகளும் நீடிக்காது. ஒவ்வொரு மூட்டைப் பற்றியும் இரண்டு கேள்விகள் கேட்டாக வேண்டும். இது எந்தத் திசைகளில் அசைந்தாக வேண்டும்? இது எதனால் சாகும்?

சறுக்காமல் சுழலும் ரப்பர்

தொழிற்சாலையில் போடும் ரப்பர் புஷ்ஷை அறுத்துப் பார்த்தால் உள்ளே ஓர் இரும்புக் குழாய், வெளியே ஓர் இரும்பு வளையம், நடுவே ரப்பர். அந்த ரப்பர் இரண்டு உலோகங்களோடும் ஒட்டவைத்து வேகவைக்கப்பட்டது. ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது இங்கே எந்தப் பரப்பும் எந்தப் பரப்பின் மேலும் சறுக்குவதில்லை. ரப்பரே முறுக்கிக்கொண்டு, பிறகு விடுபடுகிறது. சறுக்கல் இல்லாததால் தேய்மானம் இல்லை, கிரீஸ் தேவையில்லை, தூசிக்கு நுழைய வழியில்லை.

ரப்பரின் இயற்பியலில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதன் வடிவத்தை மாற்றுவது எளிது. கன அளவைக் குறைப்பது மிகக் கடினம். நாலு பக்கமும் அடைத்து வைத்து அமுக்கும்போது அது காட்டும் எதிர்ப்பு, பக்கவாட்டில் நழுவவிடும்போது காட்டும் எதிர்ப்பைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். அதனால் இரண்டு உலோக வளையங்களுக்கு நடுவே சிறைப்பட்ட மெல்லிய ரப்பர், முறுக்குவதற்கு மென்மையாகவும் அமுக்குவதற்கு விறைப்பாகவும் இருக்கிறது. பொறியாளர்கள் அதில் வேண்டிய பக்கத்தில் மட்டும் பிறை வடிவ ஓட்டைகள் விடுவார்கள். ஓட்டை உள்ள திசையில் ரப்பருக்குப் பிதுங்க இடம் கிடைக்கிறது, அந்தப் பக்கம் இளகுகிறது. மற்றத் திசையில் இறுக்கமாகவே இருக்கிறது. ஒரே துண்டு ரப்பர், திசைக்கொரு குணம். சாலைக் குழியில் சக்கரம் மோதும்போது சற்றுப் பின்வாங்க இடம் கொடுக்கும் அதே புஷ், வளைவில் பக்கவாட்டு விசைக்கு விட்டுக்கொடுக்காமல் நிற்பது இப்படித்தான்.

குமரி மாவட்டத் தோட்டங்களில் விடியலில் வெட்டி இறக்கும் ரப்பர் பாலிலிருந்து கிடைக்கும் இயற்கை ரப்பருக்கு இந்த வேலையில் இன்னும் மதிப்பு குறையவில்லை. அமெரிக்காவின் சார்ல்ஸ் குட்இயர் 1844-இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, கந்தகம் அதன் நீண்ட மூலக்கூறு இழைகளுக்கு இடையே பாலம் போடுகிறது. அதோடு இன்னொரு குணமும் சேர்கிறது: நன்றாக இழுபடும்போது இயற்கை ரப்பரின் இழைகள் வரிசையாக அடுக்கமைந்து படிகமாகின்றன. ஒரு விரிசல் தொடங்கினால், அதன் நுனியில்தான் இழுவிசை மிக அதிகம். அங்கேதான் படிகமும் உருவாகி விரிசலின் வழியை அடைக்கிறது. ஒரு லட்சம் கிலோமீட்டரை மணிக்குச் சராசரி 50 கி.மீ. வேகத்தில் ஓட்ட 2,000 மணி நேரம், அதாவது 72 லட்சம் நொடிகள் ஆகும். நொடிக்கு ஒருமுறை கார் லேசாக எழுந்து தாழ்ந்தால்கூட, அத்தனை லட்சம் முறுக்குகளை ஒரு புஷ் தாங்குகிறது. இந்தப் படிகக் காவல் அதற்குப் பெரிதும் உதவுகிறது.

சரி, ரப்பர் எதனால் சாகும்? காற்றிலுள்ள ஓசோன் மேற்பரப்பில் நுண்விரிசல் போடும். எஞ்சின் ஆயில் பட்டால் இயற்கை ரப்பர் ஊறிப் பருக்கும். வெப்பம் அதை மெல்ல இறுக்கும். ஆனால் புது ரப்பரைச் சீக்கிரம் கொல்வது பெரும்பாலும் பொருத்துபவரின் அவசரம். காரை லிஃப்டில் தூக்கி, சக்கரங்கள் தொங்கும் நிலையிலேயே புஷ்ஷின் போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டால், ரப்பர் அந்தத் தொங்கும் கோணத்தையே தன் ஓய்வுநிலையாக எடுத்துக்கொள்ளும். காரைக் கீழே இறக்கிய கணத்திலிருந்து அது நிரந்தரமாக முறுக்கிய நிலையில் இருக்கும். ஒவ்வொரு மேடுபள்ளமும் அந்த முறுக்கின் மேல் கூடுதல் முறுக்கு. சில மாதங்களில் ரப்பர் இரும்பிலிருந்து பிய்ந்து வரும். கார் தன் எடையில் நிற்கும் உயரத்தில் சக்கரத்தைத் தாங்கிப் பிடித்து, அதன்பிறகே கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். குட்டையான ஸ்பிரிங் போட்டுக் காரைத் தாழ்த்தியவர்களும் பழைய போல்ட்டுகளைத் தளர்த்தி, புது உயரத்தில் மறுபடி இறுக்க வேண்டும்.

இளக்கத்தையே கருவியாக்கிய கார்கள்

1977-இல் ஜெனீவா கண்காட்சிக்கு வந்த போர்ஷ் 928-இன் பின் அச்சு, புஷ்கள் அமுங்குவதை ஒரு கருவியாகவே பயன்படுத்தியது. அக்காலத்துச் செமி-டிரெய்லிங் ஆர்ம் அமைப்புகளில் ஓர் ஆபத்து இருந்தது. வளைவின் நடுவே ஓட்டுநர் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சாலை பின்சக்கரத்தைப் பின்னோக்கி இழுக்கும், புஷ்கள் இளகும், சக்கரத்தின் முன்முனை வெளிப்பக்கம் திரும்பும். கார் எங்கே பிடியை இழக்கக்கூடாதோ அங்கே வால் வீசும். போர்ஷ் பொறியாளர்கள் ஆர்மின் முன் இணைப்பில் ஒரு சிறு இணைப்புத் தண்டைச் சேர்த்தார்கள். அதன்பின், அதே பின்னிழுப்பு விசை அதே ரப்பரை அமுக்கும்போது சக்கரம் உள்பக்கம் திரும்பிக் காரை நிலைப்படுத்தியது. இந்த 'வைஸாக் அச்சு' பெயர் பெற்றது. அடுத்த ஆண்டு 928 ஐரோப்பாவின் 'ஆண்டின் சிறந்த கார்' விருதையும் வென்றது.

1985-இல் வந்த இரண்டாம் தலைமுறை மாஸ்டா ஆர்எக்ஸ்-7, பின்சக்கர மையத்தில் வெவ்வேறு விறைப்புள்ள புஷ்களை வைத்தது. லேசான பக்கவாட்டு விசையில் பின்சக்கரம் சற்றே வெளிப்பக்கம் திரும்பிக் காரைச் சட்டென்று வளைய உதவும். விசை கூடியதும் உள்பக்கம் திரும்பி நிலைப்படுத்தும். பந்தயத் தடத்தில் ஓட்டுபவர்களுக்கு இந்த மாற்றம் பிடிக்கவில்லை. வளைவுக்குள் நுழைந்தபின் கார் மனம் மாறுவதுபோல் இருந்ததால், அந்தப் புஷ்ஷை விறைப்பான உலோகத் துண்டாக மாற்றிக்கொள்வது அவர்களிடையே வழக்கமாயிற்று.

இரண்டு தரப்புமே சரிதான். தடத்தில் ஓட்டுபவருக்கு ஒரே மாதிரி நடந்துகொள்ளும் சக்கரம் வேண்டும். திடீர்ப் பயத்தில் காலை எடுக்கும் சாலை ஓட்டுநருக்குக் காப்பாற்றும் சக்கரம் வேண்டும். ஆக, புஷ்ஷை மாற்றுவதற்குமுன் அந்த இளக்கம் தவறிப்போய் வந்ததா, திட்டமிட்டு வைத்ததா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பாலி புஷ்: கதவுக் கீலின் வேலை

1937-இல் ஜெர்மனியின் லீவர்குசனில் ஓட்டோ பேயரும் அவர் குழுவினரும் கண்டறிந்த பாலியூரித்தேன், கடைகளில் 'பாலி புஷ்' என்ற பெயரில் வண்ண வண்ணமாகக் கிடைக்கிறது. ரப்பரின் கெட்டித்தன்மையை அளக்கும் ஷோர் ஏ அளவுகோலில் தொழிற்சாலை ரப்பர் சுமார் 50 முதல் 70 வரை. பாலி பெரும்பாலும் 80 முதல் 95 வரை. ஆயில் இதை எளிதில் கெடுப்பதில்லை. ஓசோனும் ஒன்றும் செய்யாது. விலையும் மிரட்டாது.

ஆனால் பெரும்பாலான பாலி புஷ்கள் உலோகத்தோடு ஒட்டவைக்கப்பட்டவை அல்ல. நடுவே ஓர் இரும்புக் குழாய் இருக்கும், அதன்மேல் பாலி சறுக்கிச் சுழல வேண்டும். கதவுக் கீலைப்போல, ஒரே அச்சில் சுற்றுவதற்கு மட்டும் அதற்குச் சம்மதம். சறுக்கல் வந்துவிட்டதால் கிரீஸும் வேண்டும். சாதாரண கிரீஸ் மழையில் கழுவிப் போய்விடும். தண்ணீருக்கு அசையாத கெட்டியான சிலிக்கோன் கிரீஸ்தான் இதற்கு ஏற்றது. அதைத் தேக்கி வைக்க உள்சுவரில் வரிப்பள்ளங்கள் உள்ள புஷ்கள் கூடுதல் காலம் வரும். கிரீஸ் வற்றிய பாலி ஒட்டும், விடும், ஒட்டும், விடும். ஸ்பீட் பிரேக்கரில் ஏறும்போது கேட்கும் கிறீச் சத்தம் அதுதான். சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஒட்டிக்கொண்ட புஷ் சிறு மேடுகளுக்குச் சக்கரத்தை அசையவே விடாது என்பதுதான் பெரிய நட்டம். அசையாத சக்கரம் சாலையைத் தொடாமல் தாவும்.

பாலியிலும் இரு குலங்கள் உண்டு. எஸ்டர் வகை, ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் நீரால் சிதையும். ஈதர் வகை நீரை நன்றாகத் தாங்கும். மழையும் வெக்கையும் மாறி மாறி வரும் ஊர்களில் வாங்கும்போது இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

பாலி மிகப் பொருத்தமாக உட்காரும் இடம் ஸ்டெபிலைசர் பார் எனப்படும் சாய்வுத்தடுப்புத் தண்டு. அது ஓர் அச்சில் மட்டும் முறுக்கிக்கொள்கிறது. அங்கே ரப்பர் அமுங்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் தண்டு வேலை செய்யத் தொடங்குவதைத் தாமதிக்கிறது. பாலி போட்டால் வளைவில் காரின் பதில் உடனே தெரியும். சத்தம் பெரிதாக அதிகரிக்காது. இதைவிட விறைப்பான டெல்ரின், 1960 வாக்கில் சந்தைக்கு வந்த அசிட்டல் பிளாஸ்டிக், அநேகமாக அமுங்கவே அமுங்காது. வழுக்கலும் நல்ல வழுக்கல். ஆனால் அதிர்வை அடக்கும் குணம் அதனிடம் இல்லை. அச்சு சற்றுக் கோணினாலும் பிடித்துக்கொள்ளும்.

ஒரு மூட்டு, மூன்று திசை

பாலி போடக்கூடாத இடத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு பிஎம்டபிள்யூ இ46 எம்3. அதன் பின் அச்சின் மூல வடிவம் 1989-இன் இசட்1 காரில் வந்தது. 1990-இன் இ36 வழியாக இ46-க்கு இறங்கியது. ஒவ்வொரு பக்கமும் முன்னிருந்து பின்னாக ஒரு பெரிய டிரெய்லிங் ஆர்ம். அதன் பின்முனையில் சக்கரம். பக்கவாட்டில் மேலும் கீழுமாக இரண்டு குறுக்குத் தண்டுகள். டிரெய்லிங் ஆர்மின் முன்முனையில் ஒரே ஒரு புஷ். பின்சக்கரத்தின் டோவை அதுதான் பிடித்து வைக்கிறது.

சக்கரம் எழும்போது குறுக்குத் தண்டுகள் அதை ஒரு வளைகோட்டில் உள்ளே இழுக்கின்றன. ஆகவே அந்த ஒற்றைப் புஷ் மேலும் கீழும் சுழன்றால் மட்டும் போதாது. பக்கவாட்டிலும் திரும்ப வேண்டும், நீளவாக்கிலும் முறுக வேண்டும். ஒட்டவைத்த ரப்பருக்கு இது எளிது. பாலி இதை எதிர்த்து நிற்கும். சஸ்பென்ஷன் இறுகி, ஸ்பிரிங் விறைப்பானதுபோல் நடிக்கும். புஷ்ஷின் விளிம்புகள் தேய்ந்து வாய் அகலும். பிறகு கெட்டியாக இருக்க வேண்டிய மூட்டு ரப்பரைவிட அதிகமாக ஆடும்.

அதனால் இங்கே தேர்வு இரண்டுதான். சாலைக்காருக்குப் புதிய ரப்பர் புஷ். வேண்டுமானால் பக்கவாட்டு நகர்வை மட்டும் கட்டுப்படுத்த அதன் இருபுறமும் மெல்லிய தடுப்பு வளையங்கள். தடத்தில் அதிகம் ஓடும் காருக்கு, எத்திசையிலும் திரும்பும் ஸ்பெரிக்கல் பேரிங். ரப்பரைப் போட்டால் புஷ்ஷின் கூட்டை ஆர்மோடு குறிப்பிட்ட கோணத்தில் வைத்து இறுக்கியபின்தான் காரில் ஏற்ற வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கக்கூடாது என்ற முன்சொன்ன விதியே இங்கே கோணக் கணக்காக வருகிறது.

இதே காரில் இன்னொரு பாடமும் உண்டு. பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டமான சப்ஃபிரேம் பதியும் தரைத்தகட்டில் விரிசல் விடுவது இ46 தலைமுறையின் பரவலாக அறியப்பட்ட பலவீனம். சப்ஃபிரேமின் பெரிய ரப்பர் புஷ்கள் திடீர் அதிர்ச்சிகளின் உச்சத்தைச் சற்று மழுக்குகின்றன. அவற்றுக்குப் பதில் அலுமினியக் கட்டைகளைப் போட்டால் அந்த உச்சம் அப்படியே தகட்டுக்குப் போகும். எனவே விவரம் தெரிந்தவர்கள் முதலில் தகட்டைப் பலப்படுத்தி வெல்டு செய்துவிட்டுத்தான் அந்த வேலையில் இறங்குகிறார்கள். மூட்டை விறைப்பாக்கும்போது சுமை மறைந்துவிடுவதில்லை. அடுத்து எது பலவீனமோ அதைத் தேடிப் போகிறது.

விமானத்திலிருந்து வந்த மூட்டு

ஸ்பெரிக்கல் பேரிங்கும், அதைத் திருகுத் தண்டின் முனையில் வைத்த ராட் எண்டும் விமானங்களின் கட்டுப்பாட்டுத் தண்டுகளுக்காக வளர்ந்தவை. இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் வீழ்த்தப்பட்ட ஜெர்மன் விமானங்களில் இவற்றைக் கண்ட நேச நாட்டினர் தாங்களும் செய்யத் தொடங்கினார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. பிரிட்டனில் ரோஸ் நிறுவனமும் அமெரிக்காவில் ஹைம் நிறுவனமும் செய்தன. மெருகிட்ட எஃகு உருண்டை, அதைச் சுற்றிய எஃகு வளையம், நடுவே பெரும்பாலும் ஒரு மெல்லிய டெஃப்ளான் படலம். 1938-இல் டூபாண்ட் நிறுவனத்தின் ராய் பிளங்கெட், வாயு அடைத்த உருளை ஒன்றிலிருந்து வாயு வராததால் அதை அறுத்துப் பார்த்தபோது கிடைத்த வெண்தூள்தான் டெஃப்ளான்.

இந்த மூட்டில் அமுங்கல் என்பதே இல்லை; உராய்வும் மிகக் குறைவு; தன் எல்லைக்குள் எத்திசையிலும் திரும்பத் தடை இல்லை. தடத்தில் இதற்கு இணை கிடையாது. ஆனால் விமானத்துக்குக் கணக்கிட்ட மணி நேரத்தில் பரிசோதனை உண்டு, பந்தயக் காரைப் பந்தயத்துக்குப் பந்தயம் பிரிக்கிறார்கள். சாலைக்காரின் அடிப்புறத்தை யார் பார்க்கிறார்கள்? படலத்துக்குள் மணலும் நீரும் புகுந்தால் அது அரைபட்டுப் போகும், பிறகு உலோகம் உலோகத்தைத் தின்னும், கடகட சத்தம் தொடங்கும். சாலையில் போடுவதென்றால் ரப்பர் உறை போட்ட வகையை மட்டுமே போட வேண்டும்.

ராட் எண்டுக்கு இன்னொரு விதி: அது இழுப்பையும் தள்ளலையும் தாங்கும், வளைப்பைத் தாங்காது. அதன் திருகுப்பகுதி வளையுமாறு எங்கே பொருத்தினாலும் ஒருநாள் முன்னறிவிப்பு இல்லாமல் முறியும். போல்ட்டை ஒருபக்கம் மட்டும் பிடிக்காமல் இருபக்கமும் பிடிக்கும் தாங்கியில் வைக்க வேண்டும். உருண்டை கழன்றால்கூட ஆர்ம் விழாதபடி வெளியே ஓர் அகலமான வாஷர் வைப்பது சிறு செலவில் பெரிய காப்பு.

பால் ஜாயின்ட்: யாரும் பாராட்டாத நடுவழி

ஸ்பெரிக்கல் பேரிங்கின் துல்லியமும் ரப்பரின் ஆயுளும் ஒன்றாகக் கிடைக்குமா? ஏறத்தாழ கிடைக்கும். ஏறக்குறைய எல்லாக் கார்களின் முன்சக்கரத்திலும் அது ஏற்கெனவே இருக்கிறது. சாதாரண பால் ஜாயின்ட்டில் எஃகு உருண்டை ஒரு பிளாஸ்டிக் இருக்கையில், கிரீஸில் மிதந்து, ரப்பர் உறைக்குள் பூட்டப்பட்டிருக்கிறது. அதன் ஆயுளை முடிவு செய்வது உருண்டை அல்ல, உறைதான். உறை முழுதாக இருந்தால் ஒரு லட்சம் கிலோமீட்டரையும் கடக்கும். கிழிந்தால் ஒரு மழைக்காலம் போதும். 2018-இல் அறிமுகமான போர்ஷ் 911 ஜிடி3 ஆர்எஸ், சாலையில் ஓட்ட அனுமதி பெற்ற கார். அதன் எல்லா இணைப்புகளிலும் ரப்பர் புஷ்களுக்குப் பதில் பால் ஜாயின்ட்களே இருந்தன.

காரை மிகவும் தாழ்த்தியவர்களுக்கு இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஆர்ம் மேல்நோக்கிச் சாய்ந்துவிட, பால் ஜாயின்ட் தன் கோண எல்லையிலேயே வேலை செய்யத் தொடங்கும். உறை நசுங்கும், தண்டு கூட்டின் விளிம்பில் இடிக்கும். நீளமான தண்டுள்ள மாற்று ஜாயின்ட்கள் அந்தக் கோணத்தைத் திருத்தும்; ஆனால் தண்டு நீண்டால் அதன் மேல் விழும் வளைப்பும் அதே விகிதத்தில் கூடும். மலிவு விலையில் கிடைக்கும் ஊர்பேர் தெரியாத சரக்கை இங்கே நம்பக்கூடாது. புஷ் பிய்ந்தால் கார் ஆடும். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடங்கும்.

எதை முதலில் மாற்றுவது?

பத்து வயதான காரில் பாலி புஷ் போட்டதும் "கார் புதுசாகிவிட்டது" என்று பலர் மகிழ்கிறார்கள். அந்த மகிழ்ச்சியில் ஒரு பெரும்பங்கு, பிய்ந்த ரப்பர் போனதால் வந்தது. அதே இடத்தில் புதிய தொழிற்சாலை ரப்பரைப் போட்டிருந்தாலும் அது கிடைத்திருக்கும். ஆகவே முதல் வேலை பரிசோதனை. கடப்பாரையால் ஆர்மை நெம்பிப் பார்க்கலாம். மேற்பரப்பில் மெல்லிய வெடிப்புகள் மட்டும் இருந்தால் கவலை இல்லை. ரப்பர் இரும்பைவிட்டுப் பிரிந்திருந்தால் மாற்ற வேண்டும். உள்ளே திரவம் நிரப்பிய ஹைட்ரோ புஷ்ஷாக இருந்தால், அடியில் ஒழுகிய கறை தெரிந்ததுமே அதன் வேலை முடிந்தது.

அடுத்து ஸ்டெபிலைசர் பாரின் புஷ்களும் லிங்க் ராடுகளும்: குறைந்த செலவு, தெளிவான பலன். அதன்பிறகு டோவைப் பிடித்திருக்கும் ஓரிரு மூட்டுகள். அங்கே அதே நிறுவனம் தன் வேகமான மாடலுக்குச் செய்த விறைப்பான ரப்பரோ, மூடிய பால் ஜாயின்ட்டோ கிடைத்தால் அதுவே சிறந்தது. ஒரே அச்சில் மட்டும் சுழலும் ஆர்ம் மூட்டுகளுக்குப் பாலி போடலாம், கிரீஸ் வைக்கும் பொறுமை இருந்தால். சப்ஃபிரேமையும், குழியில் சக்கரம் பின்வாங்க இடம் கொடுக்கும் புஷ்ஷையும் கடைசிவரை தொடாமல் விடுவது நல்லது. டயருக்குள் அடைபட்ட காற்று சுமார் 200 முதல் 250 ஹெர்ட்ஸில் முழங்கும். அந்த முழக்கம் கேபினுக்குள் ஏறாமல் தடுப்பதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. எதை மாற்றினாலும் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும், முடித்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்தாக வேண்டும்.

மழைக்காலத்துக்கு ஒருமுறையாவது காரின் அடியில் படுத்து உறைகளைப் பார்க்க முடியாதவர் ஸ்பெரிக்கல் பேரிங்கை நினைக்கவே வேண்டாம். அவருக்கு நீடித்து உழைப்பது ஒட்டவைத்த ரப்பர்தான். சரியான உயரத்தில் இறுக்கிய ரப்பர் உராய்வில்லாமல் அசைவதால், சிறு மேடுகளில் சக்கரத்தின் அசைவு முழுவதும் ஷாக் அப்சார்பருக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே அது வெப்பமாக மாறித் தீர்கிறது. மூட்டுகள் ஒட்டிக்கொண்ட காரில் எவ்வளவு விலையுயர்ந்த ஷாக் அப்சார்பரும் பாதி வேலைதான் செய்யும். அதனால்தான் மூட்டுகளை முடித்துவிட்டு, அடுத்த அத்தியாயத்தில் ஷாக் அப்சார்பருக்குப் போகிறோம்.